‘2020இல் யூத அமெரிக்கர்கள்’: பியூ ஆய்வு மையத்தின் அறிக்கை ஒரு மதிப்பீடு

அமெரிக்க யூத வாக்காளர்கள் குடியரசுக் கட்சியின் பக்கம் சாய்கிறார்கள் என்ற செய்தி ஒவ்வொரு அதிபர் தேர்தலின்போதும் வந்துவிடுகிறது. தேர்தல் முடிந்ததும் அப்படியொன்றும் நடக்கவில்லை என்ற மறுப்பும் அதே வேகத்தில் வருகிறது. இரு தரப்பும் தத்தமக்கு உகந்த எண்களை எடுத்துக் காட்டுவதால், வெளியிலிருந்து கவனிக்கும் வாசகருக்குத் தெளிவு கிடைப்பதில்லை. அப்படிப்பட்ட வாசகருக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது, வாஷிங்டனில் இயங்கும் பியூ ஆய்வு மையம் 2021 மே மாதம் வெளியிட்ட ‘2020இல் யூத அமெரிக்கர்கள்’ என்ற அறிக்கையைத்தான். இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. மையத்தின் இணையதளத்திலேயே அத்தியாயம் அத்தியாயமாகப் படிக்கலாம். கேள்விகளின் சரியான வாசகமும் ஆய்வு முறையின் விளக்கமும் உடன் தரப்பட்டுள்ளன.

அறிக்கையின் முதல் பெருமை, ஆட்களைத் தேர்ந்தெடுத்த விதம். அமெரிக்க வயதுவந்தோரில் யூதர்கள் 2.4 சதவீதம் மட்டுமே. ஆயிரம் பேரிடம் நடத்தப்படும் வழக்கமான கருத்துக்கணிப்பில் ஏறக்குறைய 24 யூதர்கள்தான் அகப்படுவார்கள் என்பதால், அதை வைத்துக்கொண்டு ஒரு சமூகத்தின் அரசியலைப் பேச முடியாது. ஜெப ஆலயங்களின் உறுப்பினர் பட்டியலையோ யூதப் பெயர்களின் பட்டியலையோ வைத்துத் தேடினால் செலவு குறையும். ஆனால், அமைப்புகளோடு தொடர்பற்றவர்கள் விடுபட்டுப் போவார்கள். பியூ மையம் அந்த எளிய வழியைத் தவிர்த்து, 50 மாநிலங்களிலிருந்தும் வீட்டு முகவரிகளைச் சமவாய்ப்பு முறையில் எடுத்துக் கடிதம் அனுப்பி, 2019 நவம்பர் முதல் 2020 ஜூன் வரை 4,718 யூதர்களிடம் பதில் பெற்றது. மதம் யூதம் என்று சொன்னவர்கள் 3,836 பேர். மதம் ஏதுமில்லை என்று சொல்லிவிட்டு, பண்பாட்டாலோ குடும்ப வழியாலோ தம்மை யூதர் என்று கருதுபவர்கள் 882 பேர். இந்த இரண்டாம் வகையினரைச் சேர்க்காத எந்தக் கணக்கும் யூத வாக்காளர்களை உள்ளதைவிட வலதுசாரிகளாகவே காட்டும்.

அரசியலுக்கென்று உள்ள எட்டாவது அத்தியாயம்தான் நான் அடிக்கடி திரும்பிச் செல்லும் பகுதி. யூத வயதுவந்தோரில் 71 சதவீதத்தினர் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்தவர்கள் அல்லது அதன் பக்கம் சாய்பவர்கள். குடியரசுக் கட்சிக்கு 26 சதவீதம். இதோடு நின்றிருந்தால் இது இன்னொரு சாதாரணக் கணிப்பாகவே இருந்திருக்கும். அறிக்கை இந்த எண்ணை மதப் பிரிவுவாரியாகப் பிரித்துக் காட்டும்போதுதான் காட்சி மாறுகிறது. சீர்திருத்தப் பாதையிலான ரிஃபார்ம் பிரிவினரில் 80 சதவீதத்தினரும், பெயரில் மட்டும் பழமைவாதம் ஒலிக்கும் கன்சர்வேட்டிவ் பிரிவினரில் 70 சதவீதத்தினரும் ஜனநாயகக் கட்சியின் பக்கம் நிற்கிறார்கள். மரபுச் சட்டங்களைக் கண்டிப்பாகப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் பிரிவினரிலோ 75 சதவீதத்தினர் குடியரசுக் கட்சியின் பக்கம் இருக்கிறார்கள். 2013இல் இதே மையம் நடத்திய ஆய்வில் அந்த எண் 57 சதவீதமாக இருந்தது. மொத்தச் சமூகத்தின் சாய்வு ஏறத்தாழ இருந்த இடத்திலேயே இருக்க, அதன் ஒரு பகுதி மட்டும் வேகமாக விலகிச் சென்றிருக்கிறது. நகர்கிறார்கள் என்பவர்களும் நகரவில்லை என்பவர்களும் ஒரே நேரத்தில் உண்மை பேசுவது எப்படிச் சாத்தியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

2013ஆம் ஆண்டு ஆய்வு தொலைபேசி வழியாக நடந்தது, இது இணையம் மற்றும் அஞ்சல் வழியாக நடந்தது, ஆகவே இரண்டையும் ஒப்பிடும்போது கவனம் தேவை என்று அறிக்கையே எச்சரிக்கிறது. தன் எண்களின் எல்லையைத் தானே சொல்லும் இந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

சமூகவியல் படிப்பவர்களை நெடுங்காலமாகக் குடைந்துவந்த ஒரு புதிரும் இந்தப் பக்கங்களில் ஓரளவு அவிழ்கிறது. வருமானம் உயர உயர மக்கள் வரிக்குறைப்பு பேசும் கட்சியை நாடுவார்கள் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. அமெரிக்க யூதர்கள் அதற்குக் கட்டுப்படவில்லை. வசதி மிகுந்த கிறிஸ்தவர்களான எபிஸ்கோபல் சபையினரைப் போலச் சம்பாதித்து, வருமானம் குறைந்த போர்ட்டோ ரிக்கர்களைப் போல வாக்களிக்கிறார்கள் என்ற பொருளில் அமெரிக்க யூத எழுத்தாளர் மில்டன் ஹிம்மல்ஃபார்ப் சொன்ன வாக்கியம் இன்றும் மேற்கோளாகப் பயன்படுவது அதனால்தான். விடையின் ஒரு பகுதி, அவர்கள் எதை முதன்மையாகக் கருதுகிறார்கள் என்பதில் இருக்கிறது. யூதராக இருப்பதற்கு எது இன்றியமையாதது என்ற கேள்விக்கு, நாஜிகளின் இன அழிப்பின் நினைவைக் காப்பது என்று 76 சதவீதத்தினரும், அறத்தோடு வாழ்வது என்று 72 சதவீதத்தினரும், நீதிக்கும் சமத்துவத்துக்கும் உழைப்பது என்று 59 சதவீதத்தினரும் பதில் சொல்லியிருக்கிறார்கள். இஸ்ரேல் மீதான அக்கறையை அந்த இடத்தில் வைத்தவர்கள் 45 சதவீதம். இஸ்ரேலுக்கு யார் நெருக்கம் என்ற ஒன்றை மட்டும் வைத்து இந்த வாக்குகளைக் கவர்ந்துவிடலாம் என்று நம்பும் வேட்பாளர்கள் இந்த வரிசையை ஒருமுறை பார்ப்பது நல்லது. 2018இல் டிரம்ப் இஸ்ரேலில் உள்ள அமெரிக்கத் தூதரகத்தை ஜெருசலேமுக்கு மாற்றியது ஆர்த்தடாக்ஸ் வட்டாரங்களில் பெரும் வரவேற்பைப் பெற்றது. மற்றவர்களின் கட்சிச் சாய்வு அதனால் அசையவில்லை.

இதன் குறைகளையும் சொல்ல வேண்டும். முதலாவது, வரலாறு மெலிந்திருக்கிறது. 1980இல் ரீகன் சுமார் 39 சதவீத யூத வாக்குகளைப் பெற்றதையும், 1992இல் மூத்த புஷ் சுமார் 11 சதவீதத்துக்குச் சரிந்ததையும் அறியாத ஒருவருக்கு, 26 என்ற எண் உயர்வா தாழ்வா என்று தெரியாது. ரீகனுக்குக் கிடைத்ததில், அப்போது அதிபராக இருந்த கார்ட்டர் மீதிருந்த அதிருப்திக்குப் பெரும் பங்குண்டு. புஷ்ஷின் சரிவுக்கு, சோவியத் யூதர்களைக் குடியமர்த்த இஸ்ரேல் கேட்ட 1,000 கோடி டாலர் கடன் உத்தரவாதத்தை 1991இல் அவர் நிறுத்திவைத்தது ஒரு காரணம். அந்த உயர்வு தாழ்வுகளின் பின்னணியை வாசகர் வேறு இடத்தில் தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இரண்டாவது குறை இன்னும் முக்கியமானது. ஆர்த்தடாக்ஸ் பிரிவுக்குள் தத்தம் மதத் தலைவர்களைச் சுற்றித் திரண்டு வாழும் ஹசிடிக் சமூகங்கள் வாக்களிக்கும் முறையைத் தனிநபர் கேள்வித்தாள் முழுமையாகப் பிடிக்காது. நியூயார்க் மாநிலத்தில் ஹசிடிக் யூதர்கள் மட்டுமே வாழும் நியூ ஸ்கொயர் என்ற சிற்றூர், 2000ஆம் ஆண்டு செனட் தேர்தலில் ஏறக்குறைய ஒட்டுமொத்தமாக ஹிலாரி கிளிண்டனுக்கு வாக்களித்தது. அதே மாநிலத்தின் இன்னொரு ஹசிடிக் ஊரான கிரியாஸ் ஜோயல், 2020இல் அதேபோல ஒட்டுமொத்தமாக டிரம்புக்கு வாக்களித்தது. இங்கே மதத் தலைமையின் வழிகாட்டலும், பதவியில் இருப்பவரோடு உள்ள உறவும், பள்ளி, வீட்டுவசதி போன்ற உள்ளூர்த் தேவைகளும் கட்சிக் கொள்கையோடு கலந்து செயல்படுகின்றன. அறிக்கையின் 75 சதவீதத்தை உறுதியான கொள்கைப் பற்று என்று மட்டும் படித்தால் இந்த அடுக்கு கண்ணில் படாது.

மூன்றாவது, காலம். கேள்விகள் 2020 நவம்பர் தேர்தலுக்கு முன்பே முடிந்துவிட்டன. 2023 அக்டோபர் 7ஆம் தேதி ஹமாஸ் நடத்திய தாக்குதலும் காசா போரும் கல்லூரி வளாகப் போராட்டங்களும் இதற்குப் பிந்தியவை. 2024 தேர்தலில் ஏபி செய்தி நிறுவனத்தின் ஆய்வு யூதர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் டிரம்புக்கு வாக்களித்ததாகவும், தொலைக்காட்சி நிறுவனங்களின் வாக்குச்சாவடிக் கணிப்பு ஐந்தில் ஒரு பங்கினர் மட்டுமே என்றும் காட்டின. இந்த இடைவெளியைத் தீர்த்துவைக்க இதே அளவில், இதே கவனத்தோடு ஒரு புதிய ஆய்வு தேவை. பிரிட்டன் யூதர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புவோருக்கும் இது உதவாது. தாட்சரை 1959 முதல் 1992 வரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய லண்டன் தொகுதியான ஃபின்ச்லியின் யூதர்களுக்கும், ஜெரமி கோர்பின் தலைமை வகித்த காலத்து லேபர் கட்சியிலிருந்து விலகியவர்களுக்கும் வேறு வரலாறு உண்டு.

வாங்கிப் படிக்க ஒரு ரூபாயும் செலவில்லாத இந்த அறிக்கையில் ஒரே ஒரு அட்டவணைக்குத்தான் நேரம் இருக்கிறது என்பவர்கள் வயதுவாரி அட்டவணையைத் திறக்கட்டும். 65 வயதைக் கடந்த யூதர்களில் ஆர்த்தடாக்ஸ் பிரிவினர் 3 சதவீதம். 30 வயதுக்கு உட்பட்டவர்களில் 17 சதவீதம். அதே இளையோரில் 40 சதவீதத்தினர் மதம் ஏதுமில்லை என்கிறார்கள். ஆர்த்தடாக்ஸ் குடும்பங்களில் சராசரியாக 3.3 குழந்தைகள், மற்ற குடும்பங்களில் 1.4. குடியரசுக் கட்சியை உறுதியாக ஆதரிக்கும் பிரிவும், அக்கட்சியின் மதம் சார்ந்த அரசியலிலிருந்து மிகத் தொலைவில் நிற்கும் பிரிவும் ஒரே தலைமுறைக்குள் சேர்ந்து வளர்கின்றன. நடுவில் இருந்த ரிஃபார்ம், கன்சர்வேட்டிவ் ஜெப ஆலயங்களின் பங்கு இளையோரிடம் சுருங்குகிறது.