பள்ளி ராக் பேண்டுக்கு ஷூர் எஸ்எம்58: வாங்கலாமா?

ஆண்டு விழாவில் பள்ளி ராக் பேண்டு மேடையேறினால் முதலில் காணாமல் போவது பாடுபவரின் குரல்தான். டிரம்ஸ் மைக் இல்லாமலே அரங்கை நிரப்பும். கிதாருக்குத் தனி ஆம்ப் இருக்கிறது. குரலுக்கு மட்டும் மைக் செட்டை விட்டால் வேறு கதியில்லை. அதனால் பள்ளியின் பணம் முதலில் போக வேண்டியது பாடும் மைக்குக்கு. அதற்கு ஷூர் நிறுவனத்தின் எஸ்எம்58 மைக் இன்றும் நல்ல தேர்வு. ஆனால் தப்பான இடத்தில் வைத்துத் தப்பாகப் பிடித்தால், மலிவு மைக்குக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

1966-ல் வந்த டைனமிக் மைக் இது. பேட்டரியும் வேண்டாம், மிக்ஸரிலிருந்து கேபிள் வழியே மைக்குக்குப் போகும் ஃபாண்டம் பவர் மின்சாரமும் வேண்டாம். எடை 298 கிராம். 50 முதல் 15,000 ஹெர்ட்ஸ் வரை எடுக்கும். கீழ்ஸ்தாயியைச் சற்று அடக்கி, சொல் தெளிவாகும் மேல்பகுதியைத் தூக்கிக் கொடுப்பதால் கிதார் இரைச்சலுக்கு நடுவிலும் பாட்டு வரி புரியும். கீழே விழுந்தால் பெரும்பாலும் தலையிலுள்ள வலைதான் நசுங்கும். அது தனியாகவே விற்கிறது, திருகி மாற்றிக்கொள்ளலாம்.

இதன் பெரிய பலம், பின்பக்கச் சத்தத்தை வாங்காமல் ஒதுக்குவது. பாடுபவர் தன் குரலைக் கேட்க வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கரை மைக்கின் வாலுக்கு நேராக, அவரைப் பார்த்தபடி வைத்தால் ஊளை (ஸ்பீக்கர் சத்தம் மீண்டும் மைக்கில் புகுந்து எழும் கீச்சொலி) வெகுவாகக் குறையும். பக்கவாட்டில் வைத்தால் பாதிப் பலன் போச்சு. மெயின் ஸ்பீக்கர்கள் எப்போதும் மைக்குகளுக்கு முன்னால், பார்வையாளர் பக்கம் இருக்க வேண்டும். பள்ளி மேடைகளில் அடிக்கடி நடக்கும் இன்னொரு கூத்து, டிரம்ஸுக்கு நேர் முன்னால் பாடகரை நிறுத்துவது. அவர் வாயைப் பார்க்கும் மைக், அவருக்குப் பின்னாலிருக்கும் சிம்பலையும் சேர்த்தே பார்க்கிறது. இரண்டடி பக்கவாட்டில் நகர்த்தினாலே குரல் தெளியும்.

வலையைக் கைக்குள் பொத்திப் பிடிப்பது மாணவர்களுக்குப் பிடித்த ஸ்டைல். பின்பக்க ஒலி உள்ளே நுழையும் துளைகள் அங்கேதான் இருக்கின்றன. அவை அடைபட்டால் மைக் எல்லாத் திசையிலும் வாங்கத் தொடங்கும், உடனே ஊளை. கைப்பிடியை மட்டும் பிடிக்கச் சொல்லுங்கள், கேட்காவிட்டால் ஸ்டாண்டில் மாட்டிவிடுங்கள்.

சென்சிட்டிவிட்டி குறைந்த மைக் என்பதால் வாய்க்கும் வலைக்கும் இடையே ஓரிரு விரற்கடைதான் இருக்க வேண்டும். 5 செ.மீ. இடைவெளி 10 செ.மீ. ஆகிவிட்டால் குரல் சுமார் 6 டெசிபல் இறங்கும். மென்மையாகப் பாடும் பிள்ளை ஒரு முழம் தள்ளி நின்றால், கெயினை (மைக் ஒலியைப் பெருக்கும் திருகை) எவ்வளவு ஏற்றினாலும் டிரம்ஸ்தான் அதிகம் வரும். உதட்டருகே வைத்தால் பேஸ் கூடிக் குரல் மொத்தையாகும், மிக்ஸரில் கீழ்ஸ்தாயியை வெட்டும் லோ-கட் பொத்தானை அழுத்தினால் சரியாகிவிடும். பாடாத மைக்குகளை மிக்ஸரில் அணைத்துவையுங்கள். திறந்த மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பானால், ஊளை வருமுன் கிடைக்கும் சத்தத்தில் 3 டெசிபல் போய்விடும்.

பள்ளியிலுள்ள பழைய ஆம்ப்ளிஃபயரில் கால் இஞ்ச் ஜாக்தான் இருக்கும். மைக்கிலுள்ள மூன்று முள் எக்ஸ்எல்ஆர் இணைப்பிலிருந்து மோனோ ஜாக்குக்குப் போகும் கேபிள் போட்டால் பாடும். ஆனால் வெளி இரைச்சலை ரத்து செய்யும் பேலன்ஸ்டு இணைப்பு போய்விடுவதால், நீளமாக இழுத்தால் மேடை விளக்குகளின் உறுமலும் கூடவே வரும். எக்ஸ்எல்ஆர் உள்ள சிறு மிக்ஸர் ஒன்றை இடையில் வைப்பது மேல். கிதார் ஆம்பில் செருகவே வேண்டாம். இம்பிடன்ஸ் (மின்தடை அளவு) பொருந்தாது, குரல் பலவீனமாக, மந்தமாகக் கேட்கும்.

வாங்கும்போது மாடல் பெயரைப் பாருங்கள். எல்சி என்றிருந்தால் கேபிள் வராது. ஸ்விட்ச் உள்ளது எஸ்எம்58எஸ். பள்ளிக்கு ஸ்விட்ச் இல்லாததே நல்லது. யாராவது அணைத்துவிட்டுப் போவார்கள், சவுண்ட்காரர் கெயினை ஏற்றுவார், அடுத்தவர் ஆன் செய்ததும் அரங்கம் காதைப் பொத்தும். போலிகள் ஏராளம். வெறும் எஸ்எம்58 என்று எழுதி ஸ்விட்சும் இருந்தால் சந்தேகப்படுங்கள். எடையையும் தராசில் பார்த்துவிடுங்கள். பாதி விலைக்குத் தருகிறேன் என்பவரிடம் வாங்க வேண்டாம்.

பலர் வாய் வைக்கும் மைக் என்பதால் வலையைக் கழற்றி, உள்ளிருக்கும் பஞ்சோடு சோப்புத் தண்ணீரில் கழுவலாம். நன்றாகக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும், ஈரம் உள்ளே ஒலியை வாங்கும் கேப்ஸ்யூலுக்கு ஆகாது.

புதிதாகத் தொடங்கும் பேண்டுக்கு இரண்டு எஸ்எம்58 போதும். பயிற்சி அறையில் ஒத்துப் பாடுபவர்களுக்கு பெரிங்கர் எக்ஸ்எம்8500 போல மலிவானதை வாங்கி, மிச்சப் பணத்தில் கனமான அடித்தட்டுள்ள ஸ்டாண்டுகளும் ஒரு உபரி கேபிளும் எடுத்துவையுங்கள்.