மாதம் 9.90 வெள்ளிக்கு நிர்வாகிகளை எடைபோடும் செயலி: மூன்று மாத அனுபவம்

காற்பந்துப் புள்ளிவிவரங்களைத் தொகுத்துத் தரும் கைப்பேசிச் செயலி ஒன்றுக்கு மாதம் 9.90 வெள்ளி சந்தா கட்டத் தொடங்கி மூன்று மாதங்கள் ஆகின்றன. வீரர்களைப் பற்றிய விவரங்கள் இலவசமாகவே பல இடங்களில் கிடைக்கும் இக்காலத்தில், நான் காசு கொடுத்தது அதிலுள்ள ‘நிர்வாகி ஒப்பீடு’ என்ற, குழுக்களை வழிநடத்துபவர்களை எடைபோடும் ஒரே பகுதிக்காகத்தான். சிங்கப்பூரில் ரேஸ் கோர்ஸ் சாலைக்கு அருகிலுள்ள கோப்பிக்கடை ஒன்றில் சனிக்கிழமை இரவுகளில் நாங்கள் நான்கு பேர் கூடுவது வழக்கம். நீண்டகால நிர்வாகி ஃபெர்குசனுக்குப் பிறகு மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு நிர்வாகியாக வந்தவர்களில் யார் தேவலாம் என்ற எங்கள் வழக்கு பத்தாண்டுகளுக்கும் மேலாக நிலுவையில் இருக்கிறது. அதற்கு ஒரு தீர்ப்பு கிடைக்கும் என்ற நப்பாசையில்தான் சந்தாவைக் கட்டினேன். நிறுவனத்தின் பெயரை இங்கே தவிர்க்கிறேன். என் புகார் ஒன்றுக்கு அவர்கள் இன்னும் முழுமையான பதில் தரவில்லை. அது முடிவதற்குள் பெயரைச் சொல்லித் தூற்றுவது முறையன்று.

செயலியைத் திறப்பதற்கு முன்பு ஒரு சோதனை செய்து பார்த்தோம். டேவிட் மோயஸ், லூயி வான் ஹால், ஜோசே மொரின்யோ, ஓலே குன்னர் சோல்ஷார் ஆகிய நால்வரையும் அவரவர் மனத்தில் உள்ளபடி வரிசைப்படுத்தி, ஒரு தாளில் எழுதி, தே தாரிக் குவளைக்கு அடியில் மடித்து வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பின்னால் வந்த டென் ஹாக், அமோரிம் ஆகியோர்மீது கோபம் இன்னும் ஆறவில்லை என்பதால் அவர்களைச் சேர்க்கவில்லை. தாள்களைப் பிரித்தபோது நால்வருமே மோயஸைக் கடைசியில் வைத்திருந்தோம். மூவர் சோல்ஷாருக்கு முதலிடம் தந்திருந்தனர். எங்களில் மூத்தவர், ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர், மொரின்யோவை மூன்றாமிடத்துக்குத் தள்ளியிருந்தார். காரணம் கேட்டதற்கு, “சிரிப்பே வராத மனுஷன் தம்பி, அவர் ஆட்டத்தப் பாத்தா நமக்கும் சிரிப்பு வராது” என்றார்.

செயலி சொன்னது வேறு. மொரின்யோ 144 ஆட்டங்களில் 84 வெற்றி, அதாவது 58.3 விழுக்காடு. சோல்ஷார் 168 ஆட்டங்களில் 91 வெற்றி, 54.2 விழுக்காடு. அதற்கடுத்து, எங்கள் நால்வர் தாளிலும் அடிமட்டத்தில் கிடந்த மோயஸ், 51 ஆட்டங்களில் 27 வெற்றியுடன் 52.9 விழுக்காடு பெற்று, எஃப்ஏ கிண்ணத்தை வென்று தந்த வான் ஹாலை (103 ஆட்டங்கள், 54 வெற்றி, 52.4 விழுக்காடு) முந்தி நின்றார். மேசையில் சிறிது நேரம் பேச்சில்லை.

இந்த இடத்தில்தான் செயலியின் முதல் குறை எனக்குத் தெரிந்தது. அது விழுக்காட்டைப் பெரிய எழுத்தில் அழகாகக் காட்டுகிறதே தவிர, அந்த எண் எவ்வளவு உறுதியானது என்பதைக் காட்டுவதில்லை. மோயஸ் தாம் வென்ற 27 ஆட்டங்களில் ஒன்றே ஒன்றைச் சமநிலையில் முடித்திருந்தால் அவருடைய கணக்கு 51 விழுக்காட்டுக்கு இறங்கி, வான் ஹாலுக்குக் கீழே போயிருக்கும். ஒரு பந்து கம்பத்தில் பட்டு உள்ளே போனதா வெளியே போனதா என்பதில் தொங்கும் வரிசையைத் தராசில் நிறுத்த தங்கம்போலக் காட்டினால், கணக்குத் தெரியாதவர் ஏமாறுவார். கணக்குத் தெரிந்தவர் எரிச்சலடைவார். இதே பகுதியில் இங்கிலாந்துத் தேசியக் குழுவைத் தேர்ந்தெடுத்தால் கூத்து இன்னும் பெரிது. முதலிடத்தில் நூறு விழுக்காட்டுடன் வீற்றிருப்பவர் சாம் அலர்டைஸ். 2016 செப்டம்பரில் ஸ்லோவாக்கியாவுக்கு எதிராக 1-0 என வென்ற ஒரே ஓர் ஆட்டத்துடன் அவர் பதவி முடிந்துவிட்டது. இவ்வளவு ஆட்டங்களுக்குக் குறைவானவர்களை நீக்கு என்று சொல்ல ஒரு வடிகட்டி கூட இல்லை. அவரை நாமே மனத்துக்குள் நீக்கிவிட்டுப் பார்த்தாலும், 42 ஆட்டங்களில் 28 வெற்றி கண்ட ஃபாபியோ கப்பெல்லோ, 1966இல் உலகக் கிண்ணத்தைக் கையில் வாங்கித் தந்த ஆல்ஃப் ராம்சியை (113 ஆட்டங்கள், 69 வெற்றி) விட மேலே நிற்கிறார்.

ஆனால் இதே செயலியில், நான் கொடுத்த காசுக்கு முழு மதிப்பும் தந்த ஒரு வசதி இருக்கிறது. திரையின் அடியில் ஒரு காலக்கோடு; அதன் இரு முனைகளையும் விரலால் நகர்த்தி, எந்த நாள் முதல் எந்த நாள் வரை கணக்கிட வேண்டும் என்று நாமே முடிவு செய்யலாம். சோல்ஷாரை அதில் வைத்துப் பார்த்தேன். இடைக்கால நிர்வாகியாக இருந்த முதல் 19 ஆட்டங்களில் 14 வெற்றி. 2019 மார்ச் 28ஆம் தேதி அவர் நிரந்தரமாக நியமிக்கப்பட்டதற்குப் பிறகு என்று கோட்டை நகர்த்தினால், 149 ஆட்டங்களில் 77 வெற்றி; 51.7 விழுக்காடு. அதாவது நிரந்தர நிர்வாகி சோல்ஷார், நாங்கள் ஏளனம் செய்த மோயஸுக்கும் கீழே வருகிறார்.

அப்படியானால் மூன்று பேர் தாளில் அவர் ஏன் முதலிடம் பெற்றார்? விடை ஒரு விடியற்காலையில் இருக்கிறது. சொந்த மண்ணில் 0-2 எனத் தோற்றுவிட்டு, காயத்தால் பாதிக் குழுவை இழந்து பாரிசுக்குப் போன யுனைடெட், அங்குள்ள பிஎஸ்ஜி குழுவை 3-1 என வென்ற அந்த ஆட்டம் இங்கே 2019 மார்ச் 7, வியாழக்கிழமை காலை 4 மணிக்குத் தொடங்கியது. ஆட்ட முடிவில் சேர்க்கப்பட்ட கூடுதல் நிமிடங்களில் ராஷ்ஃபர்ட் பெனால்டியை உதைத்தபோது மணி ஏறத்தாழ ஆறு. அடுக்குமாடியில் அடுத்த வீட்டார் எழுந்துவிடுவார்களே என்று வாயைப் பொத்திக்கொண்டு கத்தியவன் நான். வேலைக்குப் போகும் எம்ஆர்டி ரயிலில் முன்பின் தெரியாத ஒருவர் என் சிவந்த கண்களைப் பார்த்துப் புரிந்துகொண்டு தலையசைத்தார். அந்தக் காலை என் நினைவில் பத்து ஆட்டங்களின் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. செயலியில் அது ஓர் ஆட்டம். இரண்டில் எது பிழை என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் என் நினைவு எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்பதைக் காட்டியது அந்தக் காலக்கோடுதான்.

ஃபெர்குசனையும் அப்படியே பார்க்கலாம். 1,500 ஆட்டங்கள், 895 வெற்றிகள் என்ற மொத்தக் கணக்கைக் கண்டால் யாரும் கையெடுத்துக் கும்பிடுவார்கள். கோட்டின் வலது முனையை 1990 மே மாதத்துக்கு இழுத்துவிட்டால், லீகில் 11, 2, 11, 13 ஆகிய இடங்களில் முடித்த ஒரு ஸ்காட்லாந்துக்காரர்தான் மிஞ்சுகிறார். 1989 டிசம்பரில் ஓல்ட் டிராஃபர்டில் அவரைப் போய்வரச் சொல்லிப் பதாகை தூக்கிய ரசிகரின் கண்ணுக்கு அன்று தெரிந்ததும் இதுதான். அன்றைய எண்ணும் அன்றைய ரசிகரும் ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள். இருவரும் சேர்ந்தே தவறினார்கள். 1990இல் எஃப்ஏ கிண்ணம் வந்தது, லீக் பட்டத்துக்கு 1993 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இனி என் புகார். எங்கள் மேசையில் ஒருவர் மட்டும் லிவர்பூல் ரசிகர். அக்குழுவின் அன்றைய நிர்வாகி ரஃபா பெனிட்டெஸின் பக்கத்தைத் திறந்து, 2005 மே 26 அன்று இஸ்தான்புல்லில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தைத் தேடினார். கிடைக்கவில்லை. செயலி எல்லாத் தேதிகளையும் ஐரோப்பிய நேரப்படியே வைத்திருப்பதால் அது 25ஆம் தேதியில் இருந்தது; சிங்கப்பூரில் சந்தா வசூலிக்கும் நிறுவனத்துக்கு, இங்கே அந்த ஆட்டம் பின்னிரவு 2.45க்குத் தொடங்கியது என்பதைக் கணக்கில் கொள்வது அவ்வளவு கடினமா? ஒருவழியாகக் கண்டுபிடித்தபோது அதன் எதிரே சாம்பல் நிறத்தில் ‘ச’ என்றிருந்தது. சமநிலை. இடைவேளையில் 0-3 எனப் பின்தங்கி, 3-3 ஆக்கி, பெனால்டி உதைகளில் கிண்ணத்தைத் தூக்கிய ஆட்டம், பெனிட்டெஸின் வெற்றி விழுக்காட்டைக் குறைக்கும் கணக்கில் சேர்ந்திருந்தது. “சமநிலையா? யாருக்குக் காது குத்துறாங்க!” என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து மேசையில் மீ கோரெங் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

விதிப்படி செயலி செய்தது சரிதான். பெனால்டி உதைகளால் முடிவான ஆட்டங்களைச் சமநிலை என்றே அதிகாரபூர்வப் பதிவுகள் கொள்கின்றன. 2008இல் மாஸ்கோவில் செல்சியை யுனைடெட் வென்ற இறுதியாட்டமும் அப்படியே. என் புகார் அதுவன்று. இதே செயலியின் ‘கிண்ண ஆட்டங்கள்’ பக்கத்தில் அதே ஆட்டம் வெற்றியாகக் காட்டப்படுகிறது. ஒரே நிர்வாகிக்கு ஒரே செயலியில் இரண்டு வெற்றிக் கணக்குகள் இருந்தால் எதை நம்புவது? எழுதிக் கேட்டேன். ஒன்பது நாள் கழித்து, தங்கள் கருத்துக்கு நன்றி என்ற பதில் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

எதிர்பார்க்கப்படும் கோல் என்ற கணக்கும் செயலியில் உண்டு. ஒவ்வோர் உதையையும், அதேபோன்ற இடத்திலிருந்து முன்பு உதைக்கப்பட்ட ஆயிரக்கணக்கான உதைகளுடன் ஒப்பிட்டு, அது கோலாகும் வாய்ப்பை ஒரு பின்னமாகத் தருவது இது. பெனால்டிக்கு முக்கால் பங்குக்குச் சற்று மேல், பாதித் திடலிலிருந்து அடிப்பதற்குக் கிட்டத்தட்டச் சுழியம். ஒரு குழு அதிர்ஷ்டத்தால் வென்றுகொண்டிருக்கிறதா, ஆட்டத்தால் வென்றுகொண்டிருக்கிறதா என்பதை மற்ற எல்லாவற்றையும்விட இது நன்றாகக் காட்டுகிறது. விளக்கமும் தெளிவாக இருக்கிறது. பழைய நிர்வாகிகளுக்கு இது இல்லை என்பதால் எங்கள் வழக்குகளில் பாதிக்கு உதவவில்லை.

நான் முற்றிலும் வேண்டாம் என்று சொல்லும் பகுதி, எல்லாவற்றையும் கலந்து ஒவ்வொரு நிர்வாகிக்கும் செயலி தரும் ஒற்றை மதிப்பெண். வெற்றிக்கு எத்தனை பங்கு, கிண்ணத்துக்கு எத்தனை பங்கு, எதிரணியின் வலுவுக்கு எத்தனை பங்கு என்று எங்கும் சொல்லப்படவில்லை. குழுவின் ஊதியச் செலவு அதில் அறவே சேர்வதாகத் தெரியவில்லை. அது இல்லாமல் நிர்வாகிகளை ஒப்பிடுவது, இலை நிறையக் காய்கறி வாங்கிக் கொடுத்தவரின் சமையற்காரரையும் கைப்பிடி அரிசி கொடுத்தவரின் சமையற்காரரையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பதாகும். 81 புள்ளிகள் என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 2015-16இல் கிளாடியோ ரனியேரியின் லெஸ்டர் அதே 81 புள்ளிகளுடன் பட்டம் வென்றது. முந்தைய பருவத்தில் 14ஆம் இடத்தில் இருந்த குழு அது. 2017-18இல் மொரின்யோவின் யுனைடெட் அதே 81 புள்ளிகளைப் பெற்று, 100 புள்ளி எடுத்த கார்டியோலாவின் மான்செஸ்டர் சிட்டிக்கு 19 புள்ளி பின்னால் இரண்டாமிடத்தில் முடிந்தது. ரனியேரியைத் தெய்வமாக்கியதும் மொரின்யோவைப் பார்த்து முகம் சுளித்ததும் ரசிகரின் வெறும் உணர்ச்சி என்று சொல்லிவிட முடியாது. யாரிடம் என்ன இருந்தது என்பதை ரசிகர் தாமாகவே கணக்கில் சேர்த்துக்கொண்டுதான் பார்க்கிறார். அந்த வகையில், மதிப்பெண் போட்ட நிறுவனத்தைவிடக் கோப்பிக்கடை மேசையின் கணக்கு முழுமையானது.

உள்ளூர்ப் பக்கம் ஏமாற்றம். 2003 முதல் 2012 வரை சிங்கப்பூரை வழிநடத்தி 2004, 2007, 2012 என மூன்று முறை தென்கிழக்காசியப் பட்டத்தை வென்று தந்த ராட்கோ அவ்ராமோவிச்சின் பக்கம் ஓரளவு நிரம்பியிருக்கிறது. வி. சுந்தரமூர்த்தியின் பக்கத்தில் 2016 முதல் 2018 வரையிலான தேசியக் குழுக் காலம் மட்டுமே உள்ளது: 2016 தென்கிழக்காசியப் போட்டியில் பிலிப்பீன்சுடன் 0-0, தாய்லாந்திடம் 0-1, இந்தோனீசியாவிடம் 1-2. 2013இல் அவருடைய பொறுப்பில் சிங்கப்பூரின் லயன்ஸ் டுவெல்வ் குழு மலேசிய சூப்பர் லீக் பட்டம் வென்றது அங்கே இல்லவே இல்லை. மூத்தவர் கைப்பேசியை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். பழைய தேசிய விளையாட்டரங்கில் ‘டேஸ்லர்’ என்று ரசிகர்கள் அழைத்த சுந்தரமூர்த்தி பந்தோடு ஓடியதைக் கண்ணால் பார்த்தவர் அவர். அந்த ஆட்டக்காரரின் குழு ஏன் அவ்வளவு பின்வாங்கித் தற்காத்து ஆடியது என்ற வருத்தம் அவருக்கு இன்றும் உண்டு. அவருடைய மதிப்பீட்டில் பயிற்றுவிப்பாளர் சுந்தரமும் ஆட்டக்காரர் சுந்தரமும் பிரிக்க முடியாதபடி கலந்திருப்பதை நான் அறிவேன். ஆனால் பட்டத்தையே விட்டுவிட்ட பட்டியலை வைத்துக்கொண்டு அவரைத் திருத்த எனக்கு வாய் வரவில்லை. 2025 நவம்பரில் ஹாங்காங்கில் இடைவேளையின்போது 0-1 எனப் பின்தங்கி, 2-1 என வென்று சிங்கப்பூரை ஆசியக் கிண்ணத்துக்குக் கொண்டுசென்ற கேவின் லீக்கும் ஒரு மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். கைவிரலில் எண்ணிவிடக்கூடிய ஆட்டங்களுக்கு மதிப்பெண்!

ஆண்டுச் சந்தா 99 வெள்ளி என்று மாதந்தோறும் நினைவூட்டுகிறார்கள். அதை எடுக்காதீர்கள். இங்கிலீஷ் லீக் பருவத்தின் தொடக்கத்தில் ஒரு மாதம், முடிவில் ஒரு மாதம் கட்டினால் போதும்; காலக்கோட்டையும் எதிர்பார்க்கப்படும் கோல் பக்கத்தையும் பயன்படுத்துங்கள், மதிப்பெண் பக்கத்தைத் திறக்க வேண்டாம். சந்தாவை நிறுத்துவது எளிது. இரண்டு தட்டல்களில் முடிந்துவிட்டது, அதற்காக அவர்களைப் பாராட்டலாம். நான் மே மாதத்தில் மீண்டும் கட்டுவேன். எங்கள் நான்கு தாள்களையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். கடந்த வாரம் மறுபடி எழுதிப் பார்த்தோம்: இருவர் மொரின்யோவை மேலே ஏற்றியிருந்தனர், மூத்தவர் மட்டும் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை, மோயஸ் நான்கு தாளிலும் கடைசியிலேயே இருந்தார்.