பூட் பருத்தி ஆலை அருங்காட்சியகம், லோவெல்: தறிக்கூடத்தில் தொடங்கிய அரசியல்

தரைத்தளத்துத் தறிக்கூடத்துக்குள் நுழையும் முன் காதடைப்பான் தருவார்கள். வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள். உள்ளே 88 விசைத்தறிகள் வரிசைகட்டி நிற்கின்றன. ஒரு நேரத்தில் சிலவற்றை மட்டுமே ஓட்டுகிறார்கள், அதற்கே பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. தரையின் அதிர்வு பாதம் வழியே முழங்கால் வரை ஏறும். எல்லாத் தறிகளும் ஓடிய ஒரு தளத்தில் நாளுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரம் நின்றவர்களை மனதில் வைத்துக்கொண்டு மாடிக் கண்காட்சிக்குப் போனால், அங்கே படிக்கும் ஒவ்வொரு வரிக்கும் கனம் கூடும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனுக்கு வடமேற்கே இருக்கிறது லோவெல். 1978இல் உருவான லோவெல் தேசிய வரலாற்றுப் பூங்காவின் மையம் இந்த ஆலைதான். அமெரிக்கக் கட்சிகள் எதற்காகச் சண்டையிட்டன, எதற்காக உடைந்தன என்பதைத் தேர்தல் முடிவுகளிலிருந்து தொடங்காமல் நூல், கூலி, தண்ணீர், சரக்கு ஆகியவற்றிலிருந்து தொடங்கிப் புரிந்துகொள்ள நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல இடம் அந்த நாட்டில் அரிது.

ஒரு எச்சரிக்கை. இங்கே ஓடுவது 1830களின் தறி இல்லை. இவை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த டிரேப்பர் தானியங்கித் தறிகள். குறுக்கு நூலான ஊடையைக் கொண்டுபோகும் கருவிக்கு நாடா என்று பெயர். அதில் நூல் தீர்ந்ததும், நூல் சுற்றிய தாரை இயந்திரமே மாற்றிவிடும். பழைய தறியில் ஒவ்வொரு முறையும் தறியை நிறுத்தி, புதுத் தாரைப் போட்டு, நாடாவின் துளையில் வாயை வைத்து நூலை உறிஞ்சி வெளியே எடுக்க வேண்டும். பஞ்சுத் துகளும் அதோடு உள்ளே போகும், ஒருவர் வாய்வைத்த நாடாவில் அடுத்தவரும் வாய்வைப்பார். சன்னல்களும் மூடியே இருந்தன. காற்று உலர்ந்தால் நெடுக்கே ஓடும் பாவு நூல் அறுந்துவிடும் என்பதால் உள்ளே ஈரம் குறையாமல் பார்த்துக்கொண்டார்கள். தொடக்கத்தில் ஒரு பெண்ணுக்கு இரண்டு தறி. பிறகு அது மூன்றானது, நான்கானது, தறியின் வேகமும் ஏறியது. துண்டுக் கூலி அந்த அளவுக்கு ஏறவில்லை. பின்னால் வரும் கிளர்ச்சிகள் அனைத்துக்கும் இந்தக் கணக்குதான் அடி.

தறிக்கூடத்துக்கு முன் கால்வாயைப் பார்ப்பது நல்லது. மெரிமேக் ஆறு இங்கே பாவ்டக்கட் அருவியில் 32 அடி இறங்குகிறது. அந்த இறக்கத்தை ஏறக்குறைய 9 கிலோமீட்டர் நீளக் கால்வாய்களில் பிரித்து, நீர்விசையையே அளந்து விற்றது ஒரு நிறுவனம். அதன் அளவுக்கு 'மில் பவர்' என்று பெயர்: 30 அடி வீழ்ச்சியில் விநாடிக்கு 25 கன அடி நீர். ஆலை கட்ட வருபவர் நிலத்தோடு இத்தனை மில் பவர் என்று வாங்குவார். பாஸ்டனின் சில குடும்பங்கள் நீரையும் நிலத்தையும் ஆலைப் பங்குகளையும் ஒருசேர வைத்திருந்ததால் ஊரின் கூலியையும் அவர்களே நிர்ணயிக்க முடிந்தது. கோடையில் ஓடும் கால்வாய்ப் படகுச் சுற்றுலாவில் மதகுகளையும் அடைப்புகளையும் காட்டி இதை விளக்குகிறார்கள். பூங்காவில் தவறவிடக் கூடாதவற்றில் அதுவும் ஒன்று.

இனி அரசியலுக்கு வரலாம். ஊருக்குத் தன் பெயரைத் தந்த பிரான்சிஸ் கேபட் லோவெல் 1817இலேயே இறந்துவிட்டார், இந்த ஊரை அவர் பார்க்கவே இல்லை. ஆனால் 1816 சுங்கச் சட்டத்துக்காக வாஷிங்டன் போய்த் தென் மாநில உறுப்பினர்களைச் சரிக்கட்டியவர் அவர். சட்டப்படி பருத்தித் துணிக்கு வரி 25 சதவீதம். ஆனால் எவ்வளவு மலிவான துணியானாலும் சதுர கஜம் 25 சென்ட் என்றே மதிப்பிட வேண்டும். ஆக, குறைந்தபட்ச வரி கஜத்துக்கு ஆறேகால் சென்ட். கஜம் 10 சென்ட்டுக்கு வந்த துணி என்று வைத்துக்கொண்டால் அதன் மேல் விழுவது 62.5 சதவீதம். இந்தக் கண்ணி யாரைக் குறிவைத்தது? கல்கத்தா வழியாகப் போன இந்திய முரட்டுத் துணியை. அமெரிக்க விசைத்தறியின் முதல் பெரிய அரசியல் வெற்றி, இந்தியக் கைத்தறித் துணியைச் சந்தையிலிருந்து வெளியே தள்ளியதுதான். தமிழ் வாசகர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

அந்தச் சட்டத்தை ஆதரித்தவர் தென் கரோலினாவின் ஜான் கால்ஹூன். கப்பல் வணிகர்களின் பக்கம் நின்று எதிர்த்தவர் வட மாநிலத்தவரான டேனியல் வெப்ஸ்டர். 1828 சுங்கச் சட்டம் வந்தபோது இருவரும் இடம் மாறியிருந்தார்கள். மாசசூசெட்ஸ் உள்ளிட்ட வடகிழக்கு மாநிலங்களான நியூ இங்கிலாந்தின் பணம் கப்பலிலிருந்து ஆலைக்கு நகர்ந்தது, வெப்ஸ்டர் சுங்க வரியின் காவலரானார். தெற்கில் பருத்தி ஏற்றுமதியே உயிர்நாடியானது, கால்ஹூன் அதே வரியைக் கூட்டாட்சியின் அநீதி என்றார். 1832இல் தென் கரோலினா அந்தச் சட்டம் தன் எல்லைக்குள் செல்லாது என்று அறிவிக்கும் வரை போனது சண்டை. இருவரின் உரைகளை மட்டும் படித்தால் கொள்கை மாற்றமாகத் தெரியும். லோவெலில் நின்று பார்த்தால் முதலீடு இடம் மாறியது தெரியும்.

ஆலையை ஒட்டியுள்ள பழைய விடுதிக் கட்டடத்தில் ஆலைப் பெண்கள், குடியேறிகள் பற்றிய கண்காட்சி இருக்கிறது. சமையலறை, சாப்பாட்டுக் கூடம், மாடியில் படுக்கையறை. சிறியதுதான், ஆனாலும் அரை மணி நேரமாவது கொடுங்கள். ஒரு கட்டிலில் இருவர் படுத்தார்கள். இரவு பத்து மணிக்குக் கதவு பூட்டப்பட்டது. சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் வாரம் 1.25 டாலர் கூலியிலிருந்து போனது. நிர்வாகம் ஒழுக்கத்தைக் காக்கக் கட்டிய இந்த விடுதிதான் பெண்களுக்குச் சங்கமாகவும் ஆனது. ஒரே மேசையில் சாப்பிட்டு ஒரே அறையில் தூங்கியவர்களுக்குக் கூலிக் குறைப்புச் செய்தி பரவ ஒரு இரவு போதும். 1834இல் கூலிக் குறைப்பை எதிர்த்து சுமார் 800 பேர் வெளியேறினார்கள், சில நாட்களில் தோற்றார்கள். 1836இல் விடுதிக் கட்டணம் ஏறியபோது அதைவிடப் பெரும் கூட்டம் வெளியேறி, நீண்ட நாள் தாக்குப்பிடித்தது.

1840களில் போராட்டம் ஆலை வாயிலிலிருந்து சட்டமன்றத்துக்குப் போனது. பத்து மணி நேர வேலைநாள் கேட்டு மனுக்கள் குவிந்தன. 1845இல் சாரா பேக்லி உள்ளிட்ட தொழிலாளர்கள் சட்டமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னார்கள். குழுத் தலைவர் வில்லியம் ஷௌலர் லோவெலின் பத்திரிகை உரிமையாளர். வேலை நேரத்தைச் சட்டம் தீர்மானிக்கக் கூடாது, முதலாளியும் தொழிலாளியும் பேசித் தீர்க்கட்டும் என்று குழு கைகழுவியது. சாட்சி சொன்ன பெண்களுக்கு வாக்குரிமை இல்லை. ஆனாலும் அடுத்த தேர்தலில் ஷௌலரைத் தோற்கடிக்கும்படி வெளிப்படையாகப் பிரசாரம் செய்தார்கள், அவர் தோற்றார். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் பத்து மணி நேரச் சட்டம் மாசசூசெட்ஸில் வந்தது 1874இல்.

அதே கோரிக்கை வாக்குச்சீட்டையும் தொட்டது. அன்றைய சீட்டுகளைக் கட்சிகளே அச்சடித்தன. யார் எந்தச் சீட்டைப் போடுகிறார் என்பது மேற்பார்வையாளருக்குத் தெரியும். 1851 தேர்தலில் பத்து மணி நேர அணிக்கு வாக்களிப்பவர்கள் வேலையிழப்பார்கள் என்று லோவெல் ஆலை ஒன்றின் வாயிலில் அறிவிப்பு ஒட்டப்பட்டதாக லோவெல் அரசியல்வாதி பெஞ்சமின் பட்லர் பின்னாளில் எழுதினார். சீட்டை ஒரே மாதிரி உறையில் இட்டு வாக்களிக்க வகைசெய்யும் சட்டம் அந்த ஆண்டுதான் மாநிலத்தில் வந்தது. 1853இல் உறையைக் கட்டாயமில்லாமல் ஆக்கிவிட்டார்கள். கட்டாயமில்லாத ரகசியம் ரகசியமே இல்லை, உறை கேட்பவர்தான் சந்தேகத்துக்கு ஆளாவார். அரசே அச்சடித்த சீட்டில் ரகசியமாக வாக்களிக்கும் முறை 1888இல்தான் சட்டமானது.

பூங்காவின் பெரிய குறை அதன் எல்லை. லோவெலில் நூலான பருத்தி, அடிமைகள் பறித்தது. அந்த நிலம் இங்கிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. தறிக்கூடத்தில் நிற்பவருக்குத் துணி தெரியும், பஞ்சு பறித்த கை தெரியாது. நியூ இங்கிலாந்து ஆலைகள் நெய்த முரட்டுத் துணியில் ஒரு பகுதி அடிமைகள் உடுத்தத் தெற்கே திரும்பிப் போனது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அன்றைய இரு பெரிய கட்சிகளில் ஒன்றான விக் கட்சி ஏன் அடிமைமுறையை எதிர்த்த 'மனசாட்சி விக்', ஆலை நலனுக்காகத் தெற்கோடு ஒத்துப்போன 'பருத்தி விக்' என்று பிளந்தது என்பது விளங்கும். 1848இல் அடிமைமுறையை எதிர்த்த மாசசூசெட்ஸ் அரசியல்வாதி சார்லஸ் சம்னர், சாட்டையின் பிரபுக்களும் தறியின் பிரபுக்களும் கைகோத்திருக்கிறார்கள் என்று சாடினார். 1854இல் தப்பியோடி வந்த அந்தோனி பர்ன்ஸைப் பாஸ்டனிலிருந்து படைக் காவலோடு அடிமைத்தனத்துக்குத் திருப்பி அனுப்பியபோது, துணி வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த ஏமோஸ் லாரன்ஸே அணி மாறினார். கன்சாஸில் அடிமைமுறை நுழையாதபடி குடியேறிகளை அனுப்பப் பணம் கொடுத்தார். அங்கே லாரன்ஸ் நகரம் அவர் பெயரில் இருக்கிறது. இந்த இழையை வழிகாட்டியிடம் நீங்களே கேட்டு எடுக்க வேண்டும். கேட்டால் பூங்கா ஊழியர்கள் ஆர்வத்தோடு பேசுகிறார்கள்.

குடியேறிகளின் பகுதியை மேலோட்டமாகக் கடந்துவிடாதீர்கள். கால்வாய் வெட்ட வந்த ஐரிஷ்காரர்கள் பின்னர் தறிக்கும் வந்தார்கள், நியூ இங்கிலாந்திலேயே பிறந்த யாங்கிப் பெண்கள் மெல்ல விலகினார்கள். அந்த மாற்றத்தின் கசப்பும் சேர்ந்துதான் 1854இல் குடியேறிகளுக்கு எதிரான 'நோ நத்திங்' கட்சியை மாநிலத்தில் ஏற்றியது. ஆளுநர் பதவியும் மாநில மேலவையின் 40 இடங்களும் அதற்கே போயின. அடுத்து வந்த பிரெஞ்சுக் கனடியர், கிரேக்கர் தொடங்கி இன்றைய கம்போடியர் வரை ஒவ்வொரு அலைக்கும் ஊரில் தடம் இருக்கிறது.

போகும் வழி: பாஸ்டன் நார்த் ஸ்டேஷனிலிருந்து லோவெல் தடத்து ரயில், சுமார் முக்கால் மணி நேரம். நிலையத்திலிருந்து பார்வையாளர் மையத்துக்கு இருபது நிமிட நடை. பூங்காவின் பகுதிகள் ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. திட்டமில்லாமல் போனால் பாதி நேரம் நடையிலேயே தீரும். முதலில் பார்வையாளர் மையம், அடுத்து படகு, பிறகு விடுதி, கடைசியில் ஆலை என்று வைத்துக்கொள்ளுங்கள். தறிகள் எந்த நேரத்தில் ஓடும் என்பதைக் காலையிலேயே கேட்டுவிடுங்கள், ஓடாத நேரத்தில் அந்தக் கூடம் வெறும் இரும்பு வரிசை. படகும் டிராமும் பருவத்தைப் பொறுத்தவை, கட்டணமும் திறப்பு நேரமும் மாறக்கூடியவை. புறப்படும் முன் பூங்காவின் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள். செவித்திறன் கருவி அணிபவர்களும் சிறு குழந்தைகளை அழைத்து வருபவர்களும் தறிக்கூடத்தில் ஓரிரு நிமிடத்துக்கு மேல் நிற்காமல் மாடிக்கு ஏறிவிடுவது நல்லது. அங்கே நிதானமாகப் படிக்க இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். திரும்பும்போது கடையில் இதே தறிகளில் நெய்த துண்டு கிடைக்கும். வாங்கினால் கரையை விரித்துப் பாருங்கள், நாடா திரும்பிய இடம் தெரியும்.