ஈக்வலைசருடன் சில ஆண்டுகள்: கூட்டியதைவிடக் குறைத்ததே பலன் தந்தது

என்னிடம் இருப்பது ஒலிப்பதிவுக் கூடங்களில் பரவலாகப் புழங்கும் திறந்த வகை (வெளிக்கூடு மூடப்படாத) ஹெட்போன், 250 ஓம். பெரும்பாலும் கர்நாடக இசைதான் கேட்கிறேன். வாங்கிய புதிதில் தம்புராவின் நாதம் விரிந்து நின்ற விதத்தில் சொக்கிப்போனேன். ஆனால் ஒரு கச்சேரியைக் கேட்டு முடிப்பதற்குள் காது களைத்துவிடும். கல்பனாஸ்வரம் தொடங்கினால் இன்னும் சிரமம். பாடகர் ஷட்ஜத்தில் வந்து நிற்கும்போதெல்லாம் அந்த ‘ஸ’ சுருக்கென்று குத்தும். மிருதங்கத்திலோ வலப்பக்கமான வலந்தலை பளிச்சென்று கேட்கும். இடப்பக்கத் தொப்பியில் எழும் கும்கி என்ற சறுக்கல் ஒலி மட்டும் மெலிந்து, பாதியிலேயே கரைந்துவிடும்.

இரண்டுக்கும் காரணம் உண்டு. ஏறத்தாழ 8000 ஹெர்ட்ஸில் இந்த ஹெட்போனுக்கு ஒரு மேடு இருக்கிறது, அதாவது அந்த அலைவரிசை மட்டும் மற்றவற்றைவிட உரக்க ஒலிக்கும்; ‘ஸ’, ‘ஷ’ ஒலிகளின் சீறல் விழும் இடமும் அதுதான். திறந்த வகை என்பதால் அடி அலைவரிசைகளும் சரிந்துவிடுகின்றன. விலை கூடிய ஆம்ப்ளிஃபையர் வாங்கினால் சரியாகிவிடும் என்று பலர் சொன்னார்கள். ஒலி அளவைக் கூட்ட அது உதவும், மேட்டைக் குறைக்காது. அதற்கு, ஒவ்வொரு அலைவரிசைப் பகுதியின் ஒலியையும் தனியே கூட்டவோ குறைக்கவோ விடும் ஈக்வலைசர்தான் வழி.

கணினியில் ‘ஈக்வலைசர் ஏபிஓ’ என்ற இலவச மென்பொருளை நிறுவினேன். விண்டோஸில் எந்தச் செயலியிலிருந்து ஒலி வந்தாலும் பெரும்பாலும் இது வழியாகத்தான் போகும். யாக்கோ பசானென் உருவாக்கிய ‘ஆட்டோ இக்யூ’ திட்டத்தில், ஆயிரக்கணக்கான ஹெட்போன்களை அளந்து கணக்கிட்ட திருத்தங்கள் கிடைக்கின்றன. அவற்றில் பல, ஷான் ஒலிவும் அவருடன் பணியாற்றியவர்களும் கேட்போரை வைத்துச் சோதித்து உருவாக்கிய ஹர்மான் வளைகோட்டை, அதாவது பெரும்பாலோருக்குப் பிடித்த ஒலிச் சமநிலையை, இலக்காகக் கொண்டவை. என் மாடலுக்கான திருத்தத்தை ஏற்றியவுடனேயே நடு அலைவரிசை சீரானது. குரல் பாடகரின் நெஞ்சிலிருந்து வருவதுபோல் நிறைந்து ஒலித்தது.

ஆனால் அந்தத் திருத்தத்தை அப்படியே வைத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். அளவீடு எடுப்பது செயற்கைக் காதில். காது மடலும் செவிக்குழாயும் ஆளுக்கு ஆள் மாறுவதால், 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் உங்களுக்குக் கேட்கும் மேடும் அளவீட்டில் தெரியும் மேடும் ஒரே இடத்தில் இருக்க வேண்டியதில்லை. ஒரே அலைவரிசை மட்டும் ஒலிக்கும் சைன் அலை ஒன்றைக் குறைந்த ஒலியில் ஓடவிட்டு, 5000 முதல் 10000 வரை மெல்ல நகர்த்திக் கேளுங்கள். திடீரென்று எங்கே உரக்கிறதோ அதுவே உங்கள் மேடு. எனக்கு அது 7600-இல் வந்தது. அங்கே 5 டெசிபல் குறைத்து, கியூ மதிப்பை 3 என்று வைத்தேன். கியூ கூடக் கூட, திருத்தம் தொடும் பகுதி குறுகும்; இவ்வளவு குறுக்கியதால் ‘ஸ’வின் கூர்மை போனது, தம்புராவின் மினுமினுப்பு போகவில்லை. இந்த ஒரு வரித் திருத்தத்தைத்தான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக மதிக்கிறேன். இப்போது ராகம் தானம் பல்லவியை இடையில் நிறுத்தாமல் கேட்க முடிகிறது.

அடிப்பக்கத்தில் 105 ஹெர்ட்ஸுக்குக் கீழே 4 டெசிபல் ஏற்றம். கும்கி சறுக்கி ஏறும் குழைவு இப்போது முழுதாகக் கேட்கிறது. அதைவிட ஏற்றினால் தொப்பியின் ஒலி பரவி, மிருதங்கத்தின் சொற்கட்டு மங்கிவிடுகிறது. ஹெட்போனின் சிறிய ஒலிச்சவ்வும் திணறுகிறது.

ஓரிடத்தில் கூட்டினால் மொத்த அளவை, ‘ப்ரீஆம்ப்’ என்ற இடத்தில், அதற்கு ஈடாகக் குறைப்பது கட்டாயம். நான் மைனஸ் 4.5 வைத்திருக்கிறேன். இல்லாவிட்டால் உரத்த இடங்களில் சிகரம் வெட்டுப்பட்டு ஒலி கரகரக்கும். குறைத்தபின் ஈக்வலைசரை அணைத்து அணைத்து ஒப்பிட்டால், அணைத்த நிலையே நன்றாக இருப்பதாகத் தோன்றும். உரக்க ஒலிப்பதை நல்ல ஒலியாக எடுத்துக்கொள்வது காதின் இயல்பு. இரண்டு நிலைகளையும் ஒரே ஒலி அளவுக்குக் கொண்டுவந்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். ‘ஈக்வலைசர் போட்டால் உயிர் போய்விடுகிறது’ என்று சொல்பவர்களில் பலர் இந்த ஒப்பீட்டைச் செய்வதில்லை என்பது என் எண்ணம்.

ஆண்ட்ராய்டு போனில் ‘வேவ்லெட்’ செயலி இதே வேலையைச் செய்கிறது. ஆட்டோ இக்யூ திருத்தங்கள் அதற்குள்ளேயே இருக்கின்றன.

காது மெத்தைகள் நைந்து அமுங்கியபோது சீறல் மெல்லத் திரும்பியது. புதியவை மாட்டியதும் அடி ஒலியும் கொஞ்சம் மாறியது. மெத்தை மாற்றினால் சைன் அலைச் சோதனையை மறுபடி செய்துவிடுவது நல்லது.

பழைய வானொலிக் கச்சேரிப் பதிவுகளுக்கென்று தனி அமைப்பு ஒன்று வைத்திருக்கிறேன். அவற்றில் மேல் அலைவரிசை ஏற்கெனவே குறைவு என்பதால் 7600-இல் 2 டெசிபல் மட்டுமே குறைக்கிறேன். அதற்கு மேல் குறைத்தால் வயலினின் வில் உராய்வே காணாமல் போகிறது. பதிவிலேயே இல்லாத ஒலியை எந்த அமைப்பாலும் வரவழைக்க முடியாது. வயலினுக்கும் குரலுக்கும் இடையே இந்த ஹெட்போன் காட்டும் இடைவெளியும் ஈக்வலைசரால் பெரிதாக மாறவில்லை. அதற்காகத்தான் இதை வாங்கினேன், அது அப்படியே இருக்கிறது.