மேட் பிளாக் டைலும் நானும்: நான்கு வருடக் கணக்கு

கருப்பு அழுக்கைக் காட்டாது என்று நம்பித்தான் மேட் பிளாக், அதாவது பளபளப்பில்லாத கருப்பு, போர்சலின் டைல் போட்டேன். மூன்றாம் நாளே குட்டு உடைந்துவிட்டது. வீட்டு அழுக்கில் பெரும்பகுதி கருப்பே இல்லை. தூசி சாம்பல் நிறம், காய்ந்த தண்ணீர்ச் சொட்டு வெள்ளை, வெறுங்காலோடு நடந்தால் பாதத் தடம். வெளிர்நிறத் தரையில் கண்ணில் படாமல் கிடந்ததெல்லாம் இங்கே எட்டிப் பார்த்தது.

ஹாலில் 600-க்கு 1200 மில்லிமீட்டர் அளவு. குளியலறைத் தரைக்கும் ஒரு சுவருக்கும் அதே நிறம். நான்கு வருடமாகிறது. ஹாலைப் பொறுத்தவரை பெரிய குறை இல்லை. சாமான்கள் குறைவு, சுவர் வெள்ளை. மேட் என்பதால் ஜன்னல் வெளிச்சம் தரையில் பட்டுக் கண் கூசுவதில்லை. ஆனால் கருப்பு வெளிச்சத்தைக் குடித்துவிடும். முதல் மாதம் ராத்திரியில் ஹால் குகை மாதிரி இருந்தது. சுவரில் வெளிச்சம் விழும்படி இரண்டு விளக்குகள் சேர்த்த பிறகுதான் சரியானது.

தொல்லையெல்லாம் குளியலறையில்தான். எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சினால் அதைப் போர்சலின் வகையில் சேர்ப்பதில்லை. ஆகவே கறை உள்ளே இறங்காது, உண்மைதான். ஆனால் உப்புத் தண்ணீர் மேலேயே காய்ந்துவிடுகிறதே! ஷவருக்குக் கீழே வட்ட வட்டமாக வெள்ளை. அதோடு சோப்பும் சேர்ந்தால் சாம்பல் பூத்த மாதிரி ஒரு படலம். ஈரத்தில் மறைந்து, காய்ந்ததும் திரும்பி வரும். துடைத்தாயிற்று என்று நிம்மதியாக வெளியே வந்து, அரை மணி கழித்துப் போய்ப் பார்த்தால் அப்படியே இருக்கும்.

வினிகர் கலந்த தண்ணீர் கறையை எடுத்தது. ஆனால் டைல்களின் இடுக்கை நிரப்பும் சிமெண்ட் கிரவுட்டை அமிலம் அரிக்கும் என்பதால் அதை அடிக்கடி செய்ய முடியாது. கிளீனரைத் தாராளமாக ஊற்றியது என் தப்பு. அதுவே கோடு கோடாகப் படிந்தது. இப்போது கொஞ்சமாக அமிலமோ காரமோ இல்லாத நியூட்ரல் கிளீனர், பிறகு வெறும் தண்ணீர், கடைசியில் மைக்ரோஃபைபர் துணி.

கிரவுட் தனிக் கதை. கருப்புச் சிமெண்ட் கிரவுட் ஆறே மாதத்தில் உப்புப் பூத்து, திட்டுத் திட்டாகச் சாம்பலானது. சுரண்டி எடுத்துவிட்டு, சிமெண்டுக்குப் பதில் பிசினால் ஆன எபாக்சி கிரவுட் போட்டோம். நிறம் அப்படியே நிற்கிறது. ஆனால் எபாக்சியை இறுகுவதற்குள் துடைத்துவிட வேண்டும். ஒரு மூலையில் வேலை செய்தவர் தாமதித்துவிட்டார். கையகலத்துக்கு ஒரு மினுமினுப்பு, நகத்தால் சுரண்டினாலும் வராது. பளபளப்பான டைலில் தெரிந்தே இருக்காது. மேட்டில் டார்ச் அடித்தால் எனக்கு அது மட்டும்தான் கண்ணில் படுகிறது.

ஒரு முறை கனமான ஸ்பேனர் விழுந்து ஹால் டைலின் ஓரம் பெயர்ந்தது. வாங்கும்போது ஃபுல் பாடி ரகமாக, அதாவது உள்ளேயும் கருப்பாக இருப்பதாகப் பார்த்து எடுத்திருந்தேன். குனிந்து தேடினால்தான் தெரியும்.

மறுபடி போடுவதென்றால் ஹாலுக்கு இதே டைல்தான். குளியலறைத் தரைக்கு நடுத்தரச் சாம்பல் நிறம் போதும். இப்போதைக்குக் கதவுக்குப் பின்னால் ஒரு ரப்பர் வைப்பர் தொங்குகிறது. குளித்தவர் தண்ணீரை இழுத்துவிட்டுத்தான் வெளியே வரவேண்டும். விருந்தாளிகளிடம் எப்படிச் சொல்வது? அவர்கள் குளித்துவிட்டு வந்ததும் நான் துணியோடு உள்ளே போகிறேன்.