ஏலக்காய்த் தராசில் ஒரு மெக்னீசியம் ராடு: ஒரு வருடக் கணக்கு

கீழ்த்தளக் குளியலறை ஹீட்டர் ஓட்டையாகி ஒழுகத் தொடங்கியபோது அதற்கு வயது மூன்றரை. டாங்கிக்கு ஐந்து வருட உத்தரவாதம் என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். பார்க்க வந்தவர் அட்டையைத் திருப்பி, எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டினார். டாங்கி துருப்பிடிக்காமல் இருக்க, அதற்குப் பதிலாகத் தான் கரையும் உலோகத் தண்டு ஒன்று உள்ளே உண்டாம்; ஆனோடு ராடு என்று பெயர். அதைக் காலாகாலத்தில் மாற்றியிருக்க வேண்டுமாம். மாற்றாவிட்டால் உத்தரவாதம் செல்லாதாம். அப்படி ஒரு ராடு உள்ளே இருக்கிறது என்பதை விற்கும்போது யாரும் வாய் திறந்து சொல்லவில்லை.

நான் சேலத்தில் மளிகைக் கடை வைத்திருப்பவன். வேதியியலில் பட்டம் வாங்கிய கையோடு அப்பாவின் கல்லாவில் உட்கார்ந்துவிட்டேன். படித்தது அநேகமாக மறந்துவிட்டது. எடை போடும் பழக்கம் மட்டும் கூடிக்கொண்டே போகிறது. பிறகு நான் வாங்கிய ஆனோடு ராடுகளைப் பற்றிய இந்த மதிப்புரையும் அந்தப் பழக்கத்தால் வந்ததுதான்.

புது ஹீட்டர் வாங்கி ஒன்றரை வருடம் ஆனதும், இந்த முறை ஏமாறக் கூடாது என்று பிளம்பர் தம்பியைக் கூப்பிட்டுத் திறக்கச் சொன்னேன். கட்டை விரல் தடிமனில் இருந்திருக்க வேண்டிய ராடு சுண்டு விரலாகச் சுருங்கியிருந்தது. நுனியில் உலோகமே இல்லை. நடுவில் ஓடும் எஃகுக் கம்பி மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. கீழ்த்தளத்துக்குப் போர் தண்ணீர், கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் 1,400 காட்டும். மாடிக்கு மேட்டூர்த் தண்ணீர்; அங்கே 300 தாண்டாது. இரண்டிலும் ஒரே கம்பெனியின் 15 லிட்டர் ஹீட்டர். இரண்டுக்கும் ஒரே நாளில் புது ராடு போட்டு, ஒரு வருடம் கழித்து எடை பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

முதலில் ஊருக்குள் உதிரிபாகக் கடை ஒன்றில் 260 ரூபாய்க்கு ஒரு ராடு வாங்கினேன். "சுத்தமான மெக்னீசியம் அண்ணா, கண்ணை மூடிக்கொண்டு போடலாம்" என்றார் கடைக்காரர். கண்ணை மூடிக்கொள்ளும் ஆளாக இருந்தால் நான் இத்தனை வருடம் மிளகு கொள்முதல் செய்திருக்க முடியாது. கடைக்கு வந்ததும் ஏலக்காய் நிறுக்கும் சின்னத் தராசில் வைத்தேன். 198 கிராம். கையில் எடுத்தபோதே சற்றுக் கனமாகத்தான் இருந்தது.

உயரமான கூஜா ஒன்றைத் தட்டில் வைத்து, விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, நூல் கட்டி ராடை முழுவதும் இறக்கினேன். தட்டில் வழிந்த தண்ணீர் 70 கிராம். அப்படியானால் ராடின் கன அளவு 70 கன செ.மீ. மெக்னீசியம் கன செ.மீ.க்கு 1.74 கிராம்தான் இருக்கும். நாம் புழங்கும் உலோகங்களில் அதைவிட லேசானது கிடையாது. அலுமினியம் 2.7. நடுவில் ஓடும் கம்பிக்கும் திருகுக்கும் பதினைந்து கிராம் தள்ளிப் பார்த்தாலும் இந்த ராடு மெக்னீசியக் கணக்கில் வரவே இல்லை. சந்தேகத்துக்கு இடம் வைக்காமல், கடையில் இருந்த வினிகரைக் கிண்ணத்தில் ஊற்றி நுனியை நனைத்தேன். மெக்னீசியமாக இருந்தால் சோடா பாட்டில் திறந்ததுபோல நுரைத்துப் பொங்கும். இது குளத்தில் நிற்கும் எருமையாக அசையாமல் இருந்தது. அலுமினியம்.

திருப்பிக் கொடுக்கப் போனபோது, "எல்லாம் ஒன்றுதான் அண்ணா, ஹீட்டருக்குத் தெரியவா போகிறது" என்று பதில் வந்தது. பணம் வரவில்லை. பதிலுக்கு ஒரு டெஃப்லான் டேப்பும் இரண்டு டாப் வாஷரும் வந்தன. அலுமினிய ராடே ஆகாது என்று நான் சொல்லவில்லை. ஆனோடுக்கென்றே செய்த அலுமினியக் கலவைகளும் உண்டு. அலுமினியத்தை மெக்னீசியம் என்று சொல்லி விற்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பப்பாளி விதையை மிளகில் கலப்பவனும் இதையேதான் சொல்வான்.

அடுத்து இணையத்தில் 380 ரூபாய் வீதம் இரண்டு வரவழைத்தேன். மதிப்புரை இவற்றுக்குத்தான். நீளம் 20 செ.மீ., தடிமன் 21 மி.மீ. அளவில் முந்தையதற்கு அச்சு அசல். எடை 134 கிராம். கூஜாவில் அதே 70. வினிகரில் நுனி பட்டதும் சீறியது. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது கல்லூரி ஆய்வகத்தின் வாசனையே வந்துவிட்டது. மெக்னீசியம் நாடாவை இடுக்கியில் பிடித்துக் கொளுத்தி, நேராகப் பார்க்கக் கூடாது என்று சொன்னதைக் கேட்காமல் பார்த்துவிட்டு, அரை மணி நேரம் கண்ணில் ஊதாப் புள்ளியோடு அலைந்த நாள் அது. எரியும் நாடாவைக் கரியமில வாயு நிரம்பிய ஜாடிக்குள் விட்டார்கள். அங்கேயும் அணையாமல் எரிந்து, ஜாடியின் சுவரில் கரியை அப்பியது.

இதை என் மனைவியிடம் சொல்லித் தொலைத்ததுதான் தப்பு. "எரிகிற சாமானை வெந்நீருக்குள் வைக்கிறீர்களே, வெடிக்காதா?" என்றாள். நியாயமான கேள்வி. பொடியும் நாடாவும் சட்டென்று பற்றும். கட்டியாக இருக்கும் ராடு அப்படிப் பற்றாது, வாங்கிய சூட்டை உடம்பு முழுக்கப் பரப்பிவிடும். சோடியத்தைப்போலத் தண்ணீரைக் கண்டதும் துள்ளுகிற சாதியும் இல்லை. தண்ணீரோடு மெல்ல மெல்லத்தான் வினைபுரியும். அந்த நிதானம் இருப்பதால்தான் இதை ஹீட்டருக்குள் வைக்க முடிகிறது.

வேலை இதுதான். ஹீட்டர் டாங்கி இரும்பால் ஆனது. உட்புறம் கண்ணாடிப் பூச்சு. பூச்சில் எங்காவது மயிரிழை விரிசல் இருக்கும். அங்கே தண்ணீர் இரும்பைத் தொட்டுத் துருவாக்கும். அதே தண்ணீரில், டாங்கியோடு உலோகத் தொடர்பில் மெக்னீசியம் இருந்தால், எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும் வேலையை அது முந்திக்கொள்ளும். இரும்பின் மின்முனை அழுத்தம் மைனஸ் 0.44 வோல்ட், துத்தநாகத்துக்கு மைனஸ் 0.76, மெக்னீசியத்துக்கோ மைனஸ் 2.37. எண் கீழே போகப்போகக் கரைவதற்கு அவசரம் அதிகம். ராடு கரையும்வரை இரும்பு தப்பிக்கும்.

இந்த ஏற்பாட்டுக்கு வேர் லண்டனில் இருக்கிறது. எடின்பரோவின் ஜோசப் பிளாக், மெக்னீசியா என்ற வெண்பொடி சுண்ணாம்பு அல்ல, வேறு பொருள் என்று 1755இல் பிரித்துக் காட்டினார். அதற்குள் ஒளிந்திருந்த உலோகத்தை 1808இல் லண்டனில் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி மின்சாரம் செலுத்திப் பாதரசத்தோடு சேர்ந்த கலவையாக வெளியே எடுத்தார். மேக்னியம் என்று பெயர் வைக்கப் பார்த்தார், அது நிலைக்கவில்லை. கையில் பிடிக்கும் அளவுக்கு உலோகமாக அதைப் பிரித்தவர் பிரான்சின் அந்துவான் புஸ்ஸி. அது இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து.

என்னை இழுத்தது டேவியின் இன்னொரு வேலை. கடல்நீர் போர்க்கப்பல்களின் அடியில் அடித்திருந்த செப்புத் தகட்டைத் தின்கிறது என்று பிரிட்டிஷ் கடற்படை அவரிடம் போய் நின்றது. செம்பைவிட எளிதில் கரையும் உலோகத்துண்டுகளைத் தகட்டோடு இணைத்துவிட்டால் அது கரையும், செம்பு பிழைக்கும் என்றார் அவர். 1824இல் சமராங் என்ற கப்பலில் இரும்பை வைத்துப் பரீட்சை நடந்தது. கொச்சியில் தேக்கு மரத்தில் கட்டிய கப்பல் அது. செம்பு பிழைத்தது. ஆனால் செம்பு கரைந்து கசிந்ததால்தான் அதுவரை சிப்பியும் பாசியும் ஒட்டாமல் இருந்தன; கரைவது நின்றதும் அவை கப்பலடியில் குடித்தனம் வைத்தன, கப்பல் வேகம் குறைந்தது. கடற்படை திட்டத்தைக் கைவிட்டது. மெக்னீசியத்தைப் பிரித்தவரும், ஓர் உலோகத்தைக் கரையவிட்டு இன்னொன்றைக் காக்கலாம் என்று காட்டியவரும் ஒரே ஆள். டேவி தான் பிரித்த உலோகத்தைக் கப்பலில் வைக்கவில்லை. வைத்தாலும் உப்புக் கடலில் அது வெகு சீக்கிரம் கரைந்துபோயிருக்கும். இன்றும் கப்பலுக்குத் துத்தநாகமும் அலுமினியமும்தான். மண்ணுக்கடியில் ஓடும் எரிவாயு, எண்ணெய்க் குழாய்களுக்கும் நம் ஹீட்டருக்கும் மெக்னீசியம்.

பொருத்திய கதைக்கு வருகிறேன். மெயின் ஸ்விட்சை அணைத்து, தண்ணீரை அடைத்து, டாங்கியைக் காலி செய்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். இதை நீங்களாகச் செய்யாதீர்கள். ஹீட்டிங் காயில் இருக்கும் அதே மூடியில்தான் ராடும் திருகியிருக்கும். தம்பி நல்ல வேலைக்காரர். ஆனால் ஒழுகக் கூடாதே என்ற அக்கறையில் திருகுக்கு டெஃப்லான் டேப்பைச் சுற்றி, அடியில் ரப்பர் வாஷரும் போட்டுவிட்டார். மல்டிமீட்டரை வைத்தேன், 'பீப்' வரவில்லை. ராடுக்கும் டாங்கிக்கும் இடையே மின்தொடர்பே இல்லை. அப்படி விட்டிருந்தால் ராடு தன் பாட்டுக்குக் கரையும், டாங்கி தன் பாட்டுக்குத் துருப்பிடிக்கும். "சார், உள்ளே இருந்தால் போதாதா?" என்று கேட்டார். போதாது. டேப்பையும் வாஷரையும் எடுத்ததும் 'பீப்' வந்தது. இந்த ஒரு விஷயத்தை விற்பவர்கள் பெட்டிமேல் பெரிதாக அச்சடிக்க வேண்டும். என் பெட்டியில் ஒரு தாமரைப் படம் இருந்தது.

போன வாரம் ஒரு வருடம் நிறைந்தது. இரண்டையும் கழற்றினோம்.

மாடி ராடு சாம்பல் பூத்து, மேலே அம்மைத் தழும்புபோலச் சின்னக் குழிகளோடு வந்தது. கீழ்த்தளத்து ராடின் கதை வேறு. அதன்மேல் வெள்ளைப் பொறுக்கு அரை விரல்கடைக்கு அப்பியிருந்தது. பாதி போர் தண்ணீரின் சுண்ணாம்பு, பாதி மெக்னீசியம் ஹைட்ராக்சைடு. மருந்துக் கடையில் மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் 'மில்க் ஆஃப் மெக்னீசியா' இந்த இரண்டாவதுதான். சுரண்டி எடுத்ததும் உள்ளே இருந்த உலோகம் கரையான் அரித்த வேலிக் குச்சியாக நின்றது: ஒரு பக்கம் கம்பிவரை பள்ளம், மறு பக்கம் மேடு. துடைத்து, காயவைத்து, தராசில் வைத்தேன்.

மாடி 119 கிராம். கீழ்த்தளம் 72.

ஒரே ராடு, ஒரே ஹீட்டர், ஒரே வருடம். மாடியில் 15 கிராம் போயிருக்கிறது, கீழே 62. உப்பு கூடிய தண்ணீரில் மின்சாரம் தாராளமாக ஓடும் என்று படித்தது இதுதான். கரைந்தது அத்தனையும் இரும்பைக் காத்துக் கரைந்ததல்ல. மெக்னீசியத்தில் ஏறக்குறையப் பாதி தண்ணீரோடு தானாக வினைபுரிந்து, ஹைட்ரஜனைக் குமிழியாக விட்டு வீணாகும். அது இந்த உலோகத்தின் குணம், கம்பெனியின் குற்றமில்லை. கீழ்த்தள டாங்கியின் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். துருப் புள்ளி கண்ணில் படவில்லை.

ஒரு தொந்தரவு மட்டும் உண்டு. ஐப்பசியில் பத்து நாள் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய் வந்தோம். கீழ்த்தளத்தில் வெந்நீரைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம். தண்ணீரில் இருக்கும் சல்ஃபேட்டைத் தின்னும் ஒருவகை பாக்டீரியா, ராடு விடும் ஹைட்ரஜனோடு சேர்ந்து செய்கிற வேலை. சூட்டை முழு அளவுக்கு ஏற்றி, இரண்டு முறை டாங்கியைக் காலி செய்ததும் நின்றது. நாள்கணக்கில் பூட்டிக் கிடந்த ஹீட்டரில் ஹைட்ரஜனும் தேங்கியிருக்கலாம்; ஸ்விட்சைப் போடுவதற்கு முன் வெந்நீர்க் குழாயைக் கொஞ்ச நேரம் திறந்துவிடுங்கள், பக்கத்தில் தீக்குச்சி கிழிக்காதீர்கள்.

சேலத்துக்காரனுக்கு இந்த உலோகத்தின்மேல் ஒரு சொந்தம் உண்டு. ஓமலூர்ப் பக்கம் ரயிலில் போனால் ஜன்னலில் தெரியும் வெள்ளைக்கல் மேடுகள் மெக்னீசியம் கார்பனேட்தான். ஆனால் அந்தக் கல் பெரும்பாலும் சூளையில் வெந்து, எஃகு உலைகளுக்கு உள்ளே அடுக்கும் செங்கலாகப் போகிறது. 2,800 டிகிரிவரை உருகாத ஆக்சைடு அது. உலோகமாக இருக்கும்போது கரையத் துடிப்பது, ஆக்சிஜனோடு சேர்ந்துவிட்டால் உலைத் தீக்கும் அசையாது.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருகிறேன். சொன்ன உலோகத்தைத்தான் தந்திருக்கிறார்கள், வேலையும் செய்திருக்கிறது. ஒரு நட்சத்திரத்தைக் குறைத்ததற்குக் காரணம் பெட்டி: எடை போடவில்லை, கலவை போடவில்லை, திருகு அளவு போடவில்லை. என் ஹீட்டருக்குத் திருகு பொருந்தியது அதிர்ஷ்டம். மூடிக்கு ஒரு கேஸ்கெட்டும் சேர்த்துக் கொடுத்திருக்கலாம். திறந்த பிறகு பழையது உட்காருவதில்லை, தனியே 90 ரூபாய் ஆயிற்று. தம்பியின் கூலி 300. மேட்டூர்த் தண்ணீர் வீடுகளுக்கு வருடா வருடம் மாற்ற அவசியமில்லை, திறந்து பார்த்தால் போதும். போர் தண்ணீர்க்காரர்கள் வருடத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாடி ராடை அப்படியே திரும்ப மாட்டிவிட்டோம். கீழே புதுசு. 72 கிராம் மிச்சத்தைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. கடையில் ஏலக்காய் டப்பாவுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. நேற்று ஒருவர் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது என்ன கிழங்கு, கிலோ என்ன விலை?" என்று கேட்டார்.