மக்களைத் தேடி மருத்துவம்: வாசலுக்கு வரும் மாத்திரை

2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகளை வீட்டிலேயே கொடுக்கிறார்கள், பிசியோதெரபியும் உண்டு. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆரம்ப சுகாதார நிலைய வரிசையில் நிற்க முடியாமல் மாத்திரையையே நிறுத்திவிடும் குடும்பங்களுக்கு இது பெரிய வரம்.

குறை ஒன்று: மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் பகலில் வரும்போது வேலைக்குப் போனவர் வீட்டில் இருப்பதில்லை. ஒரு வாரத்துக்கு மாத்திரை மிச்சமிருக்கும்போதே தன்னார்வலரிடம் சொல்லிவையுங்கள். மாத்திரை அட்டையில் மருந்தின் பெயர் இருக்கும் ஓரத்தைக் கிழிக்காதீர்கள். சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் 500 மில்லிகிராமா, 1000 மில்லிகிராமா என்று அதைப் பார்த்துத்தான் உறுதிசெய்ய முடியும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு விரலில் குத்திப் பார்க்கும் சர்க்கரை அளவு மட்டும் போதாது. கண், சிறுநீரகம், பாதம் மூன்றையும் வருடம் ஒருமுறையாவது மருத்துவரிடம் நேரில் காட்டியே ஆக வேண்டும்.